டவ் முதல் ஏவன் வரை: ஃப்ளை கட்டுகிறவளின் ஆற்றுப் பயணம்

முதல் நாள்: ஹார்ட்டிங்டன், டவ் ஆறு

மே மாதத்தின் கடைசி வாரம். டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கும் வாரம் இது. மேஃப்ளை என்ற பூச்சி ஆற்றின் அடியிலிருந்து கூட்டம் கூட்டமாக மேலே வரும் காலம். அதைக் கணக்குப் பார்த்துத்தான் விமானச் சீட்டே எடுத்தேன். லண்டனில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். மதியத்துக்கு மேல் டெர்பிஷயரில் ஹார்ட்டிங்டன் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளின் மேல் இறகும் ரோமமும் நூலும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சி. புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. ஃப்ளைக்கு எடையே இல்லை, அதனால் அதை எறிய முடியாது. எடை எல்லாம் லைன் என்ற கனமான கயிற்றில் இருக்கும். கம்பு லைனை வீசும், லைன் ஃப்ளையைக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், மேசை விளக்கைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு அவர் முள்ளில் சேவல் இறகைச் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஃப்ளை கட்டக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று யாராவது சொன்னால் கம்பைத்தான் கீழே வைப்பேன். இந்தக் கைவேலை எந்த ஆறுகளில், யார் யார் கையில் வளர்ந்ததோ அந்த ஆறுகளை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

கதை இங்கிலாந்தில் தொடங்கவில்லை. மாசிடோனியா நாட்டு ஆற்றில் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி சுற்றி, இரண்டு இறகு கட்டி மீன் பிடித்தார்கள் என்று ரோமானியர் காலத்திலேயே ஈலியன் என்ற எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496-இல் அச்சான ஒரு தூண்டில் நூலில் பன்னிரண்டு ஃப்ளைகளுக்குச் செய்முறை உண்டு. ஆனால் தெளிந்த ஆற்றில் டிரவுட்டுக்கு ஃப்ளை போடுவதைக் கற்றுக்கொடுக்கிற மாதிரி விரிவாக எழுதியவர் இந்த டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த சார்லஸ் காட்டன். ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் புத்தகம் உலகப் புகழ் பெற்றது. வால்டன் அடிப்படையில் இரை போட்டுப் பிடிக்கிறவர். ஃப்ளை விஷயத்தில் அவர் பிறர் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினார். 1676-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் அவருடைய இளைய நண்பர் காட்டன்.

கிராமத்திலிருந்து வயல்வழியாக நடந்தால் பெரஸ்ஃபோர்ட் டேல் என்ற சின்னப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மரம், நடுவில் டவ். தண்ணீருக்குள்ளிருந்து சுண்ணாம்புப் பாறை ஒன்று நேராக எழுந்து நிற்கிறது. அந்த மடுவுக்கு பைக் பூல் என்று பெயர். காட்டன் 1674-இல் கட்டிய மீன்பிடி வீடு அதற்குச் சற்று மேலே இருக்கிறது. வாசலுக்கு மேல் வால்டனின் பெயரெழுத்தையும் காட்டனின் பெயரெழுத்தையும் பின்னிச் செதுக்கியிருக்கிறார்கள். தனியார் நிலம் என்பதால் பக்கத்தில் போக முடியாது. மர இடைவெளியில் கூரை மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும். முப்பத்தேழு வயது வித்தியாசம் உள்ள இரண்டு பேரை ஒரு மீன் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறதே என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

காட்டன் சொன்ன முதல் விதி, மெல்லிய நரம்பு போடு, தூரத்தில் நின்று வீசு. முந்நூற்றைம்பது வருஷம் ஆகியும் அந்த விதிமேல் யாரும் கை வைக்கவில்லை.

இரண்டாம் நாள்: வின்செஸ்டர்

பெரும்பாலும் கார்ப் பயணம். தெற்கே ஹாம்ப்ஷயருக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் வின்செஸ்டர் கதீட்ரல். வால்டன் 1683 டிசம்பரில் தொண்ணூறு வயதில் இந்த ஊரில்தான் இறந்தார். கதீட்ரலுக்குள் ஒரு பக்கச் சிற்றாலயத்தில், தரையில் கறுப்புக் கல்லுக்குக் கீழே இருக்கிறார். மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னலை 1914-இல் இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பணம் போட்டு வைத்தார்கள். ஜன்னலின் கீழ் மூலையில் வால்டன் இட்சன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். கம்பும் கூடையும் பக்கத்தில் கிடக்கின்றன. பேராலயத்தில் ஒரு தூண்டில்காரருக்குக் கண்ணாடி ஜன்னல் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெளியே வந்து ஆற்றோரப் பாதையில் நடந்தோம். ஊருக்கு நடுவில் ஓடுகிற ஆறு, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது. மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "அம்மா, தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியலையே" என்றாள். அவ்வளவு தெளிவு.

காரணம் பூமிக்கு அடியில் இருக்கிறது. மழைநீர் மேட்டு நிலத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, மெதுவாக வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் ஊற்று நீரின் வெப்பம் ஏறக்குறைய 10 அல்லது 11 டிகிரி செல்சியஸ்தான். கால்சியம் நிறைய. அதனால் ஆற்றடியில் ரனன்குலஸ் என்ற நீர்ச்செடி அடர்ந்து வளர்கிறது, அதற்குள் பூச்சிகளும் சின்ன இறால் வகைகளும் குடியிருக்கின்றன. அதைத் தின்று பிரவுன் டிரவுட் கொழுக்கிறது. உலகத்தில் இருக்கும் சுண்ணாம்பு ஆறுகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான். தீனிக்குப் பஞ்சமில்லாத மீன் அவசரப்படாது, பார்த்துப் பார்த்துத்தான் தின்னும். ஃப்ளை கட்டுகிற கலை இந்த ஆறுகளில் இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்கு அந்த மீனின் பிடிவாதம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள்: இட்சன்

இன்றைக்கு முதல் முறையாகத் தண்ணீரில். வின்செஸ்டருக்கு மேலே ஒரு பகுதியில் நாள்சீட்டு வாங்கியிருந்தோம். ஆற்றை பீட் பீட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள், நமக்கென்று ஒரு துண்டு. அரசாங்கத்தின் தூண்டில் உரிமம் தனி, அதை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிட்டேன். முள்ளில் கொக்கிச்செதில் (மீன் நழுவாமல் பிடிக்கும் பின்முனை) இருக்கக்கூடாது, பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். இரண்டுமே எனக்குச் சம்மதம்.

போனவுடன் கம்பை எடுக்கவில்லை. மீன்தொட்டிக்குப் பயன்படுத்தும் சின்ன வலையை ஓட்டத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இது பெரியப்பா பழக்கிய பழக்கம். மீன் என்ன தின்கிறது என்று தெரியாமல் பெட்டியைத் திறக்காதே என்பார். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். ஆலிவ் நிறத்தில் நாலைந்து பூச்சிகள், அவற்றில் இரண்டு இன்னும் இறக்கை விரிக்காத நிம்ஃப், அதாவது நீருக்குள் வாழும் இளம் பூச்சி. ஒரு நிம்ஃபின் முதுகில், இறக்கை மடிந்திருக்கும் உறை கறுத்துப் புடைத்திருந்தது. அப்படிக் கறுத்தால் அது மேலே வரப்போகிறது என்று அர்த்தம். லென்ஸ் வைத்துப் பார்த்தாள் மகள். வாலில் மூன்று இழை. உடம்பை வளைத்து ஒரு வெட்டு வெட்டித் தட்டின் ஓரத்துக்குப் போனது. போகும்போது கால்களை உடம்போடு ஒட்ட மடித்துக்கொண்டது. "காலே தெரியலம்மா" என்றாள். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள், ஏவன் ஆற்றுக்குப் போகும்போது வேண்டும் என்றேன்.

இந்தத் தட்டு வேலையை இதே ஆற்றில் முறையாகச் செய்தவர் ஜி. இ. எம். ஸ்கியூஸ். லண்டனில் வக்கீல். 1883 முதல் 1938 வரை வின்செஸ்டரை ஒட்டிய அபட்ஸ் பார்ட்டன் பகுதியில் மீன் பிடித்தார். பிடித்த டிரவுட்டின் வயிற்றில் இருப்பதை நீளமான மெல்லிய கரண்டியால் எடுத்து, வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் கலைத்துப் பார்ப்பார். மேற்பரப்பில் வாயைத் திறந்து தின்பதாகத் தோன்றிய மீன்களின் வயிற்றிலும் பெரும்பாலும் நிம்ஃப்கள். அதாவது நீருக்குள், மேற்பரப்புக்கு ஒரு விரல்கடை கீழே தின்கின்றன. நாம் பார்ப்பது அந்த அசைவால் மேலே எழும் வளையத்தை மட்டும்.

இன்றைக்கு இது சாதாரண விஷயம். அன்றைக்குப் பெரிய சண்டை. அந்தக் காலத்துச் சுண்ணாம்பு ஆறுகளில் டிரை ஃப்ளைதான் சட்டம். மிதக்கும் ஃப்ளையை, மேலே வந்து தின்கிற மீனுக்கு மட்டும், எதிரோட்டமாக வீச வேண்டும். மூழ்கும் நிம்ஃபைக் கட்டுவதும் போடுவதும் கண்ணியக் குறைவு. ஸ்கியூஸ் 1910-இல் தன் முதல் புத்தகத்தில் மூழ்கும் ஃப்ளைக்கும் இந்த ஆறுகளில் இடம் உண்டு என்று எழுதினார். வாதம் நீண்டு, 1938-இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் அதற்கென்றே ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிய வயது. அந்த வருஷமே அவர் அபட்ஸ் பார்ட்டனை விட்டுப் போனார்.

நான் ஸ்கியூஸ் பக்கம். கண்ணால் பார்த்ததை எழுதினார், கட்டினார். ஒரு விதி மீனின் வயிற்றில் இருப்பதை மறுக்கிறது என்றால் மாற வேண்டியது விதி.

மீன்? கிடைத்தது. நீர்ச்செடிக் கொத்துக்குக் கீழே, நிழல் விழும் ஓரத்தில் ஒன்று இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து தின்றுகொண்டிருந்தது. முயல் காது ரோமம் வைத்துக் கட்டிய பதினாறாம் நம்பர் நிம்ஃப். (முள் நம்பர் ஏற ஏற அளவு சின்னதாகும்.) மீனின் மூக்குக்கு எதிரோட்டப் பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி விழுந்து, மூழ்கி, வந்தது. மீனின் வாயோரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது, அது வாய் திறந்த அடையாளம். கம்பைத் தூக்கினேன். கைவலைக்கு வந்தபோது விலாவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வளையம். தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்துவிட்டேன், எதிரோட்டத்தில் முகத்தைக் காட்டிப் பிடித்திருந்து, அதுவாக உதறும்போது விட்டேன்.

நான்காம் நாள்: ஸ்டாக்பிரிட்ஜ், டெஸ்ட் ஆறு

எழுத நிறைய இருக்கிறது இன்றைக்கு.

ஸ்டாக்பிரிட்ஜ் ஒரே தெரு ஊர். அந்தத் தெருவுக்குக் குறுக்கே டெஸ்ட் ஆறு பல கால்களாகப் பிரிந்து ஓடுகிறது. பாலத்துச் சுவரில் நின்று கீழே பார்த்தால் முழங்கை நீள டிரவுட்கள் வரிசையாக நிற்கின்றன. 1822-இல் தொடங்கிய ஹூட்டன் கிளப் இந்த ஊரில்தான் இருக்கிறது. மிகச் சில உறுப்பினர்கள், நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நீர் கிடையாது. வேறு ஒரு பீட்டில் சொல்லி வைத்திருந்தோம். ஜூலை வரை டிரை ஃப்ளை மட்டும் என்று அங்கே எழுதியே போட்டிருக்கிறது.

டிரை ஃப்ளைக்கு இலக்கணம் எழுதியவர் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட். ஸ்கியூஸுக்கு எதிர்ப் பக்கம். நேற்று ஸ்கியூஸைப் புகழ்ந்ததால் ஹால்ஃபோர்டைக் குறைவாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்ஜ் செல்வின் மாரியட் என்ற நண்பருடன் சேர்ந்து, ஆற்றில் வரும் பூச்சிகளைப் பிடித்து, நிறம் ஒப்பிட்டு, ஃப்ளை ஃப்ளையாகக் கட்டிப் பார்த்து, மிதக்கும் ஃப்ளைகளைப் பற்றி 1886-இல் ஒரு நூல் கொண்டுவந்தார். சேவல் கழுத்து இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் அதன் விறைத்த இழைகள் கால் மாதிரி நாலாப் பக்கமும் நீட்டிக்கொண்டு, ஃப்ளையைத் தண்ணீர்மேல் நிறுத்தும். கோழி இறகு ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், சேவல் இறகு தொய்யாது. அதை அளவாக, ஒழுங்காக எல்லோரும் செய்யும்படி எழுதி வைத்தவர் அவர். என் கைக்கு வந்த ஒவ்வொரு டிரை ஃப்ளையிலும் அவர் இருக்கிறார்.

பதினொரு மணிக்கு மேல் மேஃப்ளை வரத் தொடங்கியது. முதலில் ஒன்று. அப்புறம் இங்கொன்று அங்கொன்று. ஒரு மணிக்கெல்லாம் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புகிற மாதிரி ஆறு முழுக்க.

இந்தப் பூச்சி ஆற்றடி மண்ணில் வளை தோண்டிக்கொண்டு, பெரும்பாலும் இரண்டு வருஷம் நிம்ஃபாகவே கிடக்கும். ஒருநாள் நீந்தி மேலே வந்து, மேற்பரப்பில் தோலைக் கிழித்து வெளியே ஏறும். இறக்கை நிமிர்ந்து உலரும் வரை ஒரு சின்னப் பாய்மரம் மாதிரி மிதந்து போகும். அந்தச் சில நொடிகள்தான் டிரவுட்டுக்கு விருந்து. தப்பித்தது புதருக்குப் பறந்து, அங்கே மறுபடி ஒருமுறை தோல் உரித்து, கண்ணாடி இறக்கையோடு வெளியே வரும். இறக்கை வந்த பிறகு தோல் உரிக்கும் பூச்சி இனம் இது ஒன்றுதான். வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாய் கிடையாது, தீனியும் கிடையாது. சேர்ந்து, முட்டையிட்டு, தண்ணீரில் இறக்கை விரித்துச் சாகும். ஆக, நிமிர்ந்து நிற்கிற ஒன்று, விரிந்து கிடக்கிற ஒன்று என்று ஒரே பூச்சிக்கு இரண்டு விதமாக ஃப்ளை கட்ட வேண்டியிருக்கிறது.

ஃப்ளை கட்டுகிறவர் மேலேயிருந்து பார்க்கிறார். மீன் கீழேயிருந்து பார்க்கிறது. இந்தக் கலையில் எனக்குத் தீராத வியப்பு இதில்தான். தண்ணீருக்குள் இருக்கும் கண்ணுக்கு வெளி உலகம் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் மட்டுமே தெரியும், ஏறக்குறைய 97 டிகிரி கூம்பு. வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடிதான், ஆற்றடியையே திருப்பிக் காட்டும். மீன் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் வட்டத்தின் விட்டம் சுமார் 68 சென்டிமீட்டர். பாதி ஆழத்துக்கு ஏறினால் வட்டமும் பாதியாகும். மிதந்து வரும் பூச்சி முதலில் கண்ணாடிப் பகுதியில் வருகிறது. அப்போது மீனுக்குத் தெரிவது பூச்சி இல்லை. அதன் கால்கள் மேற்பரப்பை அழுத்திய புள்ளிகள், ஒளிப்பொட்டுகளாக. அப்புறம் வட்டத்தின் ஓரத்தில் இறக்கை நுனி தெரியும். கடைசியில்தான் உடம்பு. நிறத்தைப் பற்றி நாம் மேசையில் படும் கவலையை நினைத்தால், மீன் முடிவெடுக்கும்போது நிறம் எவ்வளவு தாமதமாக வந்து சேருகிறது பாருங்கள். மேற்பரப்பில் விழும் தடம், அளவு, உருவம், இந்த வரிசையில்தான் நான் கட்டுகிறேன்.

அதனால் இன்றைக்குப் போட்டது பாராசூட் மேஃப்ளை. இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றாமல், இறக்கைக்காக நிறுத்திய ரோமக் கொத்தின் அடியில் படுக்கையாகச் சுற்றுவது. உடம்பு தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும், கால்கள் நாலு பக்கமும் பரவும், கீழேயிருந்து பார்த்தால் உண்மைப் பூச்சியின் தடம். நீள முள், பத்தாம் நம்பர். உடம்புக்கு வெளிர்மஞ்சள் ரோமம், மேலே பழுப்பு நூலால் வளையம். வாலுக்கு ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகில் மூன்று இழை.

வில்லோ மரத்துக்குக் கீழே நின்ற மீன் ஒன்று என்னை மத்தியானம் முழுக்க வேலை வாங்கியது. அதற்கும் எனக்கும் நடுவில் வேகமான ஓட்டம் ஒன்று. லைன் அதில் விழுந்ததும் இழுபடும், ஃப்ளை கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடும் பூச்சியை எந்தப் பெரிய மீனும் தொடாது. லைனை வீசும்போதே கம்பை எதிரோட்டப் பக்கமாகச் சாய்த்து ஒரு வளைவு போட்டேன். அந்த வளைவு நிமிர எடுத்துக்கொண்ட நேரம்தான் ஃப்ளைக்குக் கிடைத்த சுதந்திரம். மீன் மேலே வந்து, ஃப்ளைக்குக் கீழேயே கொஞ்ச தூரம் பின்னால் மிதந்து வந்தது. மகள் மூச்சு விடவில்லை. மூக்கு வெளியே வந்து மூடியது. நல்ல கனம், டெஸ்ட் ஆற்று மீன். செடிக்குள் நுழையப் பார்த்தது, இரண்டு முறை திருப்பினேன். கையிலெடுத்தபோது வயிறு வெண்ணெய் மஞ்சள்.

"இப்ப எனக்குக் கத்துக்குடும்மா" என்றாள் மகள். வீசுவதையா என்று கேட்டேன். கட்டுவதை என்றாள்.

ஐந்தாம் நாள்: மாட்டிஸ்ஃபான்ட், மழை

மழை. மேஃப்ளை வராது என்பதால் டெஸ்ட் கரையிலேயே கீழே இருக்கும் மாட்டிஸ்ஃபான்ட் தோட்டத்துக்குப் போனோம். ஹால்ஃபோர்ட் தன் கடைசிக் காலத்தில் மீன் பிடித்த நீர் இது. ஆற்றோரம் நடக்கப் பாதை இருக்கிறது. குடைக்குள் நின்று பாலத்திலிருந்து மீன் பார்த்தோம், நன்றாக நனைந்தோம், திரும்பினோம்.

மத்தியானம் அறையில் ஜன்னலோரம் வைஸை (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) மாட்டிவிட்டு மகளை உட்கார வைத்தேன். முதல் பாடம் நூல் மட்டும்தான். முள்ளில் நூலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகச் சுற்றி வருவது. நூல் அறுகிற இடம் எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும், அதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி வைப்பதுதான் கைப்பழக்கம். "இழுத்துப் பிடி கண்ணு, விட்டா பிரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்புறம் மயில் பீலியின் இழை. பச்சையும் வெண்கலமும் மினுங்கும் அந்த இழையை நூலோடு முறுக்கிச் சுற்றினால் வண்டின் உடம்பு தயார். மயில் இழை இல்லாத ஃப்ளை பெட்டி உலகத்தில் எங்கேயும் இருக்காது. எத்தனையோ செயற்கை இழைகள் வந்துவிட்டன, தண்ணீருக்குள் அந்த மினுக்கம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசி முடிச்சு விப் ஃபினிஷ். நூலைத் தன்மேலேயே நாலைந்து சுற்றுச் சுற்றி, உள்ளே இழுத்து இறுக்குவது. கருவி இருக்கிறது, ஆனாலும் விரலாலேயே சொல்லிக்கொடுத்தேன். பெரியப்பா கைவிரல்கள் அதைச் செய்த விதம் என் விரல்களில் இருக்கிறது, அது அவளுக்கும் போகட்டும்.

ஆறாம் நாள்: நெதராவன், ஏவன் ஆறு

வில்ட்ஷயர். சாலிஸ்பரி சமவெளிக்கு நடுவில் ஏவன் ஆறு. ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில்தான், காலையில் மகள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் நெதராவன் கிராமத்தில் ஆற்றங்கரையில் இருந்தேன். ஃபிராங்க் சாயர் 1928 முதல் ரிவர் கீப்பராக இருந்த ஆறு இது. ராணுவ அதிகாரிகளின் தூண்டில் சங்கத்துக்காகச் செடி வெட்டுவது, சேறு எடுப்பது, மீன் குஞ்சு வளர்ப்பது எல்லாம் அவர் வேலை. 1980-இல் அவர் இறந்ததும் இந்தக் கரையில்தான்.

வக்கீல் ஸ்கியூஸ், கீப்பர் சாயரின் கவனிப்பைப் புரிந்துகொண்டு, எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். சாயரின் நிம்ஃப் புத்தகம் 1958-இல் வந்தது. அதில் இருக்கும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபைத்தான் இன்றைக்கு உலகத்தில் டிரவுட் இருக்கும் எல்லா இடத்திலும் போடுகிறார்கள்.

அதைக் கட்டும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நூலே கிடையாது. மயிரளவு செம்புக் கம்பியை முள்ளில் சுற்றி, முன்பகுதியில் மட்டும் ஒரு திமில் வருமாறு ஏற்றிச் சுற்ற வேண்டும். ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து நாலு இழை. நுனிகள் கொஞ்சம் பின்னால் நீட்டினால் அதுவே வால். மீதி இழைகளைச் செம்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, திமில் வரை சுற்றினால் உடம்பு, இடையிடையே செம்பு மினுங்கும். கம்பியை முன்னால் கொண்டுபோய்விட்டு, இழைகளைத் திமிலின் மேல் முன்னும் பின்னும் மடித்து மடித்துக் கட்டினால் இறக்கை உறை. இன்னும் இரண்டு சுற்று, கம்பியை ஒடித்தால் முடிந்தது. கம்பியே எடை, கம்பியே கட்டு, கம்பியே மினுக்கம். கால் வைக்கவில்லை. ஆலிவ் நிம்ஃப் நீந்தும்போது காலை மடித்துக்கொள்ளும் என்று சாயர் ஆற்றில் பார்த்திருந்தார். இட்சனில் தட்டில் பார்த்ததை மகளே எடுத்துச் சொன்னாள்.

இதே கிராமத்தில் வாழ்ந்த ஆலிவர் கைட் இன்னும் ஒரு படி மேலே போனார். வெறும் முள்ளில் செம்புக் கம்பியை மட்டும் திமிலாகச் சுற்றி, இறகே இல்லாமல் டிரவுட் பிடித்துக் காட்டினார். மீனுக்கு முன்னால் வரும்போது கம்பு நுனியை மெல்ல உயர்த்தினால் நிம்ஃப் எழும்பும், தப்பிக்கும் பூச்சி என்று நினைத்து மீன் கவ்விவிடும். சாயரும் கைட்டும் பிரபலப்படுத்திய உத்தி இது. இத்தனை இறகும் சாயமும் சேர்த்து வைத்திருக்கும் எனக்கு அந்த வெறும் முள் பெரிய ஆசிரியர். அதனால் இறகை விட்டுவிடப் போவதில்லை. கட்டுகிற சந்தோஷத்துக்கு மீனின் அனுமதி தேவையில்லை.

மத்தியானம் கீழே வேறு ஒரு பகுதியில், நிம்ஃபுக்கு அனுமதி உள்ள இடத்தில் நாள்சீட்டு. காலையில் மகள் கார் டிக்கியைத் திறந்து வைத்து உட்கார்ந்து கட்டிய ஃபெசன்ட் டெயிலைத்தான் நரம்பில் முடிந்தாள். திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, வால் இழை ஒன்று கூடுதல் நீளம். முழங்கால் ஆழ நீரில், செடிகளுக்கு நடுவே வெறும் கூழாங்கல் தெரிந்த இடத்தில் ஒரு டிரவுட். அவள் வீசினாள், நான் மேட்டில் நின்று மீனைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னும் மேல போடு."

"இங்கயா?"

"அங்கதான். விடு... விடு... இப்ப மெதுவா தூக்கு."

மீன் வலப்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தது. "தூக்கு!" என்று நான் கத்துவதற்குள் அவளே தூக்கியிருந்தாள். ஒரு சாண் மீன். அவள் கட்டியதில் அவள் பிடித்த முதல் டிரவுட். முள்ளை எடுத்து விட்டதும் ஃப்ளையை என்னிடம் நீட்டி, கடைவாயில் பட்டு ஒரு இழை அறுந்துவிட்டதே, இனிப் பிடிக்குமா என்று கேட்டாள். ஃபெசன்ட் டெயில் அறுந்து நைய நையத்தான் நன்றாகப் பிடிக்கும், கழற்றாதே, பாலத்துக்குக் கீழே இன்னொன்று நிற்கிறது என்றேன். ஏழு மணி வரை அங்கேயே இருந்தோம். அவளுக்கு இன்னும் இரண்டு, எனக்கு ஒன்று.

நாளை மறுநாள் விமானம். நாளை பகலில் ஃபெசன்ட் வால் இறகும் செம்புக் கம்பியும் வாங்கி அவள் வீட்டு மேசையில் ஒரு வைஸ் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நிம்ஃப் கட்டத் தொடங்க நினைக்கிறவர்கள் பதினாலாம் நம்பர் முள்ளில் தொடங்குங்கள். பதினாறு கண்ணுக்கு வேலை வைக்கும், அதற்கு அப்புறம் போகலாம்.